அடுத்த ஹவர் சார் வரலையாம்: டெல்டா கல்லூரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஐந்து வருஷம் அதே கல்லூரியில்தான் படித்தேன். ஊர்ப் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம். காவிரி டெல்டாவில் ஓர் அரசு கலைக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, நீங்கள் எங்கே சேர்ந்திருந்தாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

வருஷா வருஷம் வகுப்பு தொடங்கிய புதிதில் முதலாமாண்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் கடை வாசலில் வந்து நிற்பார்கள். ஜெராக்ஸ் எடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. "அண்ணா, அடுத்த ஹவர் சார் வரலையாம். எங்க போறது?" பள்ளிக்கூடத்தில் டீச்சர் வராவிட்டால் பி.டி. சார் வந்து அதட்டி உட்கார வைப்பார். இங்கே யாரும் அதட்ட வருவதில்லை. பிள்ளைகளுக்கு அதுதான் திகைப்பு. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை: டே ஆர்டரைப் பிடியுங்கள்

கல்லூரியில் கிழமைக்கு மதிப்பில்லை. டைம்டேபிளின் நாள் கணக்கு, அதாவது டே ஆர்டர், 1 என்று தொடங்கி 6 வரை போகும், மறுபடி 1. லீவு விட்டால் டே ஆர்டர் ஓடிப்போகாது, அங்கேயே நிற்கும். வியாழன் டே ஆர்டர் 4, வெள்ளி உள்ளூர் விடுமுறை என்றால் திங்கள்கிழமை டே ஆர்டர் 5. டெல்டாவில் உள்ளூர் விடுமுறைக்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூருக்குச் சதய விழா, திருவாரூருக்குத் தேர், மயிலாடுதுறைக்குக் கடைமுகம். போதாக்குறைக்கு ஐப்பசி கார்த்திகையில் கலெக்டர் விடுகிற மழை லீவு.

நான் பட்ட அடியைச் சொல்கிறேன். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல். ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை கொட்டிய வருஷம் அது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பல நாள் லீவுக்குப் பிறகு ஒரு திங்கள்கிழமை கல்லூரி திறந்தது. திங்கள்தானே, டே ஆர்டர் 1, முதல் ஹவர் ஃப்ரீ என்று நானாக நினைத்துக்கொண்டு பத்து மணிக்கு ஆடி அசைந்து போனேன். அன்று டே ஆர்டர் 4. முதல் ஹவரில் இன்டர்னல் டெஸ்ட் முடிந்து பேப்பரும் கட்டியாகிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான், கடை போட்ட அன்றைக்கே வாசலில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அன்றைய டே ஆர்டரை அதில் எழுதிவிட்டுத்தான் மெஷினை ஆன் செய்வேன்.

டைம்டேபிளை போனில் போட்டோ எடுத்து வைத்தால் மட்டும் போதாது. கையால் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போதுதான் ஒரு சந்தேகம் வரும்: நாளுக்கு ஐந்து ஹவர், ஆறு நாளைக்கு முப்பது, முப்பதும் நிரம்பித்தானே இருக்கிறது, ஃப்ரீ ஹவர் எங்கிருந்து வருகிறது? ஒரு பாடத்துக்குக் கௌரவ விரிவுரையாளர் இன்னும் போடாமல் இருப்பார்கள். ஒரு மேடம் பேப்பர் திருத்தும் டியூட்டிக்குப் போயிருப்பார். பிராக்டிக்கலில் பாதி வகுப்பு ஒரு பேட்ச், மீதிப் பாதிக்கு வேலை இருக்காது. ஆடிட்டோரியத்தில் விழா நடக்கும். இவற்றில் சில முன்கூட்டியே தெரியும், சில திடீரென்று வரும். தாளில் முன்கூட்டித் தெரிகிற ஓட்டைகளைப் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். வாராவாரம் திட்டம் போட உதவுவது அந்த வட்டம்தான். திடீர் ஹவரில் திட்டம் போட முடியாது, டீ குடிக்கத்தான் முடியும்.

இரண்டாவது: பஸ்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள்

ஹாஸ்டல் பிள்ளைகள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு இதுதான் தலையெழுத்து. எங்கள் கல்லூரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். காலையில் ஒரு டவுன் பஸ், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் எப்போதாவது ஒரு மினி பஸ். மத்தியான பஸ்ஸை விட்டால் இரண்டரை மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை கொறிக்க வேண்டியதுதான்.

அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஷிப்ட் முறை இருக்கிறது. காலை ஷிப்ட் முடிகிற நேரமும் மாலை ஷிப்ட் தொடங்குகிற நேரமும் ஒன்றாக முட்டும். மதியம் ஒரு மணியைச் சுற்றி வாசலில் கால் வைக்க இடமிருக்காது. காலை ஷிப்ட்காரருக்கு வகுப்பு முடிந்தும் பஸ் வராது. மாலை ஷிப்ட்காரர் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டு வகுப்புக்குக் காத்துக்கிடப்பார். டைம்டேபிளில் இல்லாத, ஆனால் தினமும் வருகிற பெரிய ஃப்ரீ ஹவர் இதுதான். ஆகவே வந்த முதல் வாரத்திலேயே உங்கள் ரூட் கண்டக்டரிடம் நேரத்தைக் கேட்டு, அந்தத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். இணையத்தில் தேடாதீர்கள், கண்டக்டரிடம்தான் கேட்க வேண்டும். நம் பஸ்களின் நேரம் அவர் சட்டைப்பையில் இருக்கிற சின்ன நோட்டில் மட்டும்தான் சரியாக இருக்கும்.

பாஸ் வாங்குகிற வரைக்கும் போனஃபைடு சர்டிஃபிகேட்டும் ஐ.டி. கார்டும் பையில் இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. புறநகர் பஸ்ஸில் ஏறிவிட்டு ஃப்ரீ என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

மூன்றாவது: பதினைந்து நிமிஷம் நகராதீர்கள்

சார் வரவில்லை என்று தெரிந்ததும் எழுந்து ஓடுவது முதலாமாண்டின் பொது வியாதி. பல தடவை சார் தாமதமாக வருவார். அல்லது அவருக்குப் பதிலாக வேறொரு மேடம் அந்த ஹவரை மாற்றி வாங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் கேன்டீனில் சமோசா கடித்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே அட்டெண்டன்ஸ் போய்க்கொண்டிருக்கும். கிளாஸ் ரெப்பை டிபார்ட்மெண்டுக்கு அனுப்பிக் கேளுங்கள். "இல்லப்பா, இன்னைக்கு இல்ல" என்று டிபார்ட்மெண்டிலிருந்து வார்த்தை வந்த பிறகு கலையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எவனோ போட்ட "சார் வரல டா" செல்லாது.

75 சதவீத வருகை வேண்டும் என்பதை எல்லாரும் சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் குறைந்தால், அதை மன்னித்துப் பரீட்சை எழுத விடுவதற்கான கான்டொனேஷன் பணம் கட்டலாம். அதற்கும் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கான்டொனேஷன் படிவத்தை என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள். எடுக்கிறவர்கள் சொல்கிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃப்ரீ ஹவர்னு நெனச்சேண்ணே."

நேரத்தை அளந்த பிறகுதான் இடம்

இனி எங்கே போவது என்ற கேள்வி. நான் பார்த்த தப்புகளில் பாதி, அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போனது. மீதிப் பாதி, மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரே மரத்தடியில் போனை நோண்டியது.

ஒரு ஹவருக்குக் குறைவாக இருந்தால் காம்பவுண்டைத் தாண்டாதீர்கள். எங்கள் கல்லூரியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதன் அடியில் சிமெண்ட் மேடை. மேடையின் கிழக்கு ஓரம் மூன்றாமாண்டு வரலாறு, தெற்கு ஓரம் கணிதம், நடுவில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் எழுதி வைக்காத பட்டா இது. முதல் மாதம் நடுவில் உட்காருங்கள். மரத்தடியில்தான் எந்த சார் எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார், ரெக்கார்டு நோட்டில் எந்தப் படத்துக்கு மேடம் கையெழுத்துப் போட மாட்டார், பழைய கேள்வித்தாள் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் கிடைக்கும். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் தியரிக்கு இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அந்த 25இல் எதை எப்படி வாங்குவது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். மரத்தடியில் சொல்லித்தருவார்கள்.

சீனியர் என்றதும் ராகிங் பயம் வரும். பெயர் கேட்பது, ஊர் கேட்பது, "நம்ம ஊரா, யார் வீட்டுப் பையன்" என்பதெல்லாம் நம் பக்கத்து விசாரணை. பாட்டுப் பாடு, காசு கொடு, நோட்டு எழுதிக் கொடு என்று போனால் அது வேறு. தயங்காமல் டிபார்ட்மெண்டில் சொல்லுங்கள். ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற இலவச எண் நாடு முழுவதற்கும் இருக்கிறது.

கேன்டீன் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கு மசால் வடை சூடாக வரும், பத்தே நிமிஷத்தில் தீரும். ஒரு டீயை ஒன் பை டூ கேட்டால் மாஸ்டர் முறைப்பார், ஆனால் தருவார். அக்கவுண்ட் மட்டும் வைக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. என் கடையில் வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி, அதே கல்லூரியில் படித்தவள், இதைக் கட்டாயம் எழுதச் சொன்னாள். முதல் நாளே ஓய்வறை எங்கே, தண்ணீர் வருகிற கழிப்பறை எது, அது எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று சீனியர் அக்காமாரிடம் கேட்டு வைக்க வேண்டுமாம். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இன்னொன்றும் சொன்னாள்: நடந்த விஷயம் நாம் வீட்டுக்குப் போகும் முன்பே நம் ஊருக்குப் போய்விடும். பையன்களோடு கூட்டமாக டீக்கடையில் நின்றதை டவுன் பஸ்ஸில் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கிறது. அவள் கண்டுபிடித்த வழி, வீட்டில் முன்கூட்டியே வாயால் சொல்லிவிடுவது. "மத்தியானம் ஃப்ரீ, நாங்க எட்டுப் பேரு லைப்ரரி போறோம்" என்று தினமும் சொன்னால், கொஞ்ச நாளில் அவர்களே கேட்பதை விட்டுவிடுவார்களாம்.

ஒரு முழு ஹவர், அதுவும் வாராவாரம் வருவது

பென்சில் வட்டம் போட்டீர்களே, அந்த ஹவர். இதற்கு எனக்குத் தெரிந்து மூன்று நல்ல வழிகள்.

தட்டச்சு. சிரிக்காதீர்கள். டெல்டா ஊர் ஒவ்வொன்றிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கும். படிக்கட்டு ஏறும்போதே தடதடவென்று சத்தம் கேட்கும். தினம் ஒரு மணி நேரம்தான் வகுப்பு, ஃப்ரீ ஹவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அரசுத் தேர்வு. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தமிழில் முதல் நாள் "யளனகபக" என்று பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்வார்கள். சுண்டுவிரல் ஒத்துழைக்காது. இரண்டாவது வாரம் விட்டுவிடலாமா என்று தோன்றும். ஒரு மாதம் தாண்டினால் விரல் தானாகப் போகும். டைப்பிஸ்ட் வேலைக்குப் போகாவிட்டால்கூட, புராஜெக்ட் டைப் செய்ய ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று என் கடைக்குக் கொடுக்கிற காசு மிஞ்சும். என் வியாபாரத்துக்கு எதிராக நானே எழுதுகிறேன், பாருங்கள்.

நூலகம். கல்லூரி நூலகத்தில் கார்டு போட்டோ ஒட்டி, சீல் வைத்து வர இரண்டு வாரம் ஆகும், அதனால் முதல் வாரமே எழுதிக் கொடுங்கள். ரெஃபரன்ஸ் பகுதிப் புத்தகம் வெளியே வராது, அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கணும். ஊர்க் கிளை நூலகத்தில் முகவரிச் சான்று கொடுத்து, சின்னத் தொகை கட்டினால் உறுப்பினர் ஆகலாம். வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள், கிளை நூலகங்களுக்குப் பொதுவாக அன்று விடுமுறை. தினசரிகள் கிடக்கிற பெரிய மேஜையைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நோட்டும் பேனாவுமாக இருக்கும். டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிற குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி தமிழ். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் பாடப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாமாண்டில் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் முதலாமாண்டில் அந்த மேஜையின் ஓரத்தில் ஒரு நாற்காலி பிடித்தவர்கள் சிலர் பிற்பாடு தாலுகா ஆபீஸில் எனக்கே சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூரில் படிக்கிறவர்கள் சரசுவதி மகாலைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். இரண்டாம் சரபோஜி திரட்டிய நூல்களும், அதற்கு முன்பிருந்து சேர்ந்த ஓலைச்சுவடிகளும் இருக்கிற இடம். 1918இலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி என்.எஸ்.எஸ். அல்லது என்.சி.சி. என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேர வேலை, ஒரு ஏழு நாள் முகாம். காம்பவுண்டில் புல் பிடுங்குவதுதான் பாதி வேலை என்று முணுமுணுப்பார்கள், உண்மைதான். ஆனாலும் அந்த ஏழு நாள் முகாமில் கிடைத்த சிநேகிதம் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வருகிறது. பத்திரிகை அடிக்க என்னிடம்தான் வருகிறார்கள்.

நடுவில் ஒரு காரியம்: சர்டிஃபிகேட் வேலைகள்

இதை யாரும் பொழுதுபோக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் பேங்க், இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ் மூன்றும் திறந்திருக்கிற நேரமும் உங்கள் வகுப்பு நேரமும் ஒன்று. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஸ்காலர்ஷிப்புக்கு ஆதார் இணைத்த கணக்கு, புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் வருகிற 1000 ரூபாய் ஏன் இந்த மாதம் வரவில்லை என்று விசாரிப்பது, எல்லாவற்றுக்கும் ஃப்ரீ ஹவர்தான் கதி. கடைசித் தேதிக்கு முந்தின நாள் என் கடையில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும், அன்று பார்த்து கரண்டும் போகும். செப்டம்பருக்குள் ஒரு ஃபைல் போட்டு எல்லாச் சான்றிலும் ஐந்து பிரதி, போட்டோ பத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். என் கடை டிராயரில் இன்றைக்கும் யாரோ விட்டுப்போன மூன்று டி.சி. கிடக்கிறது.

இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால்

இப்போது வெளியே போகலாம். நாலு பேராவது சேர்ந்து போங்கள்.

கும்பகோணத்தில் படித்தால் தாராசுரம் டவுன் பஸ்ஸில் எட்டிவிடும் தூரம். ஐராவதேசுவரர் கோயிலில் சிற்பம் பார்ப்பதற்குக் குனிய வேண்டும், விரல் அளவுச் சிற்பங்கள் அடிவரிசையில் இருக்கும். எல்லாரும் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள். திருவாரூரில் கமலாலயக் குளத்தை ஒரு சுற்று நடக்கலாம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சும்மா சொல்லவில்லை, கால் வலித்தால் தெரியும். மன்னார்குடிக்காரர்களுக்கு ஹரித்ராநதி தெப்பக்குளம். மயிலாடுதுறைக்குக் காவிரிப் படித்துறையான துலாக்கட்டம்.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு மத்தியானம் போகாதீர்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தக் கல்தரையில் பன்னிரண்டு மணி வெயிலில் ஓடினால் ஒரு வாரம் பாதம் எரியும். சந்நிதியும் மூடியிருக்கும். காலை ஷிப்ட்காரர்கள் நாலு மணிக்கு மேல், மாலை ஷிப்ட்காரர்கள் காலையில் போவது நல்லது. போனால் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வராமல், அதன் அடிப்பகுதியில் ஓடுகிற கல்வெட்டுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜ சோழன் ஆணையிட்டது அங்கேதான். அந்த அக்கன்தான் குந்தவை. தஞ்சாவூர் அரசு மகளிர் கல்லூரிக்குப் பெயர் கொடுத்தவர். முதலில் ஒன்றும் புரியாது. புள்ளி இல்லாத எழுத்து, ரகரமா காலா என்று குழம்பும். "ஸ்ரீ" என்பதை மட்டும் தேடுங்கள், அது கண்ணில் படும். அங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாக நகருங்கள். அரை மணியில் நாலைந்து சொல் பிடிபடும். வடக்குச் சுற்றுச் சுவரின் வெளிப்பக்கம், கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர், ப்ராக்ஸி போட முடியாதது.

சினிமா? போகலாம். படம் இரண்டரை மணி நேரம், பஸ் அரை மணி நேரம், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் எழுந்து ஓடி வந்து பாதிப்படத்தின் கதையை என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

ஆறு

இதில் எனக்கு விளையாட்டுப் பேச்சு வராது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளைத்து நம் ஊருக்கு வந்து சேரும். நீங்கள் கல்லூரியில் சேர்கிற அதே சமயத்தில் ஆறும் நிறைந்து வரும். ஆடிப்பெருக்குக் கூட்டம், புதுத் தண்ணீர், புது நண்பர்கள், கையில் இரண்டு மணி நேரம். இந்தச் சேர்க்கைதான் ஆபத்து.

படித்துறையில் உட்காருங்கள், காலை நனையுங்கள், மேலே இரண்டு படியோடு சரி. கீழ்ப்படி பாசி. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது: மணல் அள்ளிய இடத்தில் இடுப்பளவு தண்ணீர் அடுத்த அடியில் ஆள் மட்டமாக இருக்கும். ரெகுலேட்டர் ஷட்டருக்குக் கீழே சுழி இழுக்கும். கிராமத்தில் பம்ப்செட்டில் நீச்சல் பழகியவன் ஆற்றிலும் நீந்தலாம் என்று நினைப்பான். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் டிசைன் செய்து கொடுத்த கை இது. பத்தொன்பது வயது, இரண்டாமாண்டு, ஐ.டி. கார்டு போட்டோவைத்தான் கொண்டுவந்தார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள்

ஷிப்ட் முறையால் ஒரு நன்மை, அரை நாள் கையில் இருக்கும். நிறையப் பேர் ஜவுளிக்கடை, மெடிக்கல், பெட்ரோல் பங்க் என்று போகிறார்கள். முகூர்த்த நாளில் மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவர்கள் அதிகம். இரவு கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் படுக்க ஒரு மணியாகும், காலை ஷிப்டில் முதல் ஹவர் தூக்கம்தான். போகலாம், தப்பில்லை, நானும் போயிருக்கிறேன். கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், "அடுத்த முகூர்த்தத்துல சேர்த்துத் தர்றேன்" என்பதை நம்பாதீர்கள். என் காசு இரண்டு முகூர்த்தம் அப்படியே போனது. செமஸ்டர் ஃபீஸ் கட்டும் மாதத்துக்கு முன்னால் மட்டும் போவது என்று வைத்துக்கொண்டால் அட்டெண்டன்ஸும் தப்பிக்கும்.

வாத்தியார்களிடம் பேசுங்கள்

டிபார்ட்மெண்ட் கதவைத் தட்ட முதலாமாண்டுக்குப் பயம். ஃப்ரீ ஹவர் உங்களுக்கு இருக்கும்போது ஏதோ ஒரு சாருக்கும் இருக்கும். சந்தேகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள், நின்றபடி ஐந்து நிமிஷம்.

வகுப்புக்கு வெளியே நடக்கிற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீப் நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்க, அவர் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. 1887இல் அந்த நூல் அச்சில் வந்தது. பதிப்பித்தவர் அதே சாமிநாதையர்.

அதே கல்லூரியில் 1904இல் சேர்ந்த ராமானுஜன் எந்நேரமும் கணக்கே போட்டு, மற்ற பாடங்களில் தோற்று, ஸ்காலர்ஷிப்பை இழந்தார். அரியர் வந்த எவனும் என் கடையில் நின்று "ராமானுஜனே ஃபெயில்ணே" என்பான். சரிடா, நீ எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு ஃபெயில் ஆனே என்று கேட்பேன். பதில் இருக்காது. அரியர் ஃபாரம் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போவான்.

மழைக்காலத்துப் பை

அக்டோபர் பாதியிலிருந்து பொங்கல் வரைக்கும் மரத்தடி கிடையாது, மேடை ஈரமாக இருக்கும். வராண்டாவில் நின்றே பொழுது போகும். பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், ஒரு துண்டு, குடை. ரெக்கார்டு நோட்டை எப்போதும் கவருக்குள் வையுங்கள். மையில் எழுதினால் ஒரே தூறலில் நாற்பது பக்கமும் நீலமாகிவிடும். மறுபடி எழுதத் தீபாவளி லீவு முழுக்கப் போகும். கவர் இல்லாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

மழை லீவு முடிந்து வருகிற அன்று மட்டும் என் சிலேட்டை நம்பாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே டே ஆர்டரைத் தப்பாக எழுதி, பி.காம். வகுப்பு மொத்தமும் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயிற்று. டிபார்ட்மெண்ட் போர்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து எனக்கும் சொல்லுங்கள், திருத்தி எழுதிவிடுகிறேன்.